கோதண்டத்தின் கழுத்துச் சதுரம்

"இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நீங்கதாம்மா போட்டீங்க."

"நான் போட்டா இப்படி நேரா வருமா?"

கட்டிலில் படுத்திருந்தவர் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்தார். பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"புள்ளி வேற வெச்சிருக்கு. ஒவ்வொரு கோட்டுலயும் நாலு நாலு. என்ன இது, கோலமா?"

"இல்லம்மா, கோடு அழிஞ்சாலும் புள்ளியாவது நிக்கட்டும்னு..."

"அப்போ நான் போடலை. சரி, எழுந்திருங்க."

எழுந்து உட்கார்ந்தவர் பெயர் கோதண்டம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பத்தொன்பது வருஷமாக மார்க்கிங் பிட்டர். 'ஜாப்' என்று அவர்கள் சொல்லும் இரும்புக் கட்டி வந்ததும் அதற்கு நீலம் பூசி, அளந்து, கோடு இழுத்து, கோட்டின் மேல் பஞ்சால் தட்டிச் சின்னச் சின்னதாகப் புள்ளி குத்தித் தருவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அதை வெட்டவோ துளைக்கவோ முடியும். கோதண்டம் கோடு போடாத இரும்பைத் தொட்ட ஒருவன் அவரிடம் வாங்கிய வசவு வாலாஜாபாத் வரைக்கும் கேட்டது என்று டூல் ரூமில் சொல்வார்கள்.

அந்தக் குரல்தான் போன பொங்கலிலிருந்து கரகரக்க ஆரம்பித்தது. மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தித் தேய்ந்துவிட்டது என்று அவரே முடிவுகட்டி, மிளகும் பனங்கற்கண்டும் எட்டு மாதம் தின்றார். கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி, புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார். கதிர் சிகிச்சையிலேயே கரைந்துவிட்டால் குரல் தப்பிக்கும். கரையாவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும்.

"எடுத்துட்டா நான் எப்டி டாக்டர் வேலை வாங்கறது? கையால திட்ட முடியுமா?" என்று கோதண்டம் கேட்டார். டாக்டர் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை.

மொத்தம் முப்பத்து மூன்று தடவை. வாரத்தில் ஐந்து நாள். கழுத்தின் இரண்டு பக்கமும் ஊதா மையால் ஒரு சதுரம் வரைந்தார்கள். தினமும் கதிர் பாய்ச்சும் கோபால்ட் மெஷினின் அடியில் படுக்க வைத்து, அதிலிருந்து விழும் வெளிச்சச் சதுரத்தை இந்த மைச் சதுரத்தோடு பொருத்திவிட்டு, எல்லாரும் வெளியே போய்த் தடிமனான கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் கோட்டுக்குள் விழும் கதிர்தான் மருந்து. தண்ணீர் படக் கூடாது, சோப்பு படக் கூடாது, கோடு மட்டும் அழியவே கூடாது என்று டெக்னீஷியன் ப்ரியம்வதா முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கோதண்டத்துக்கு அதைக் காப்பாற்றுவதில் ஆட்சேபம் இல்லை. கோட்டின் மீதுதான் ஆட்சேபம். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தார். காது மடலிலிருந்து இவ்வளவு, மோவாயிலிருந்து இவ்வளவு என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் படம் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் கோடு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமனில் எந்த ஓரம் கணக்கு?

"அம்பது வருஷம் படிச்ச டாக்டருங்க. ஸ்கெட்ச் பேனால போட்டு வெச்சிக்கீறானுங்க," என்று மனைவியிடம் சொன்னார்.

"ஒன் கழுத்து இன்னா கப்பலுக்கா போவுது? சும்மா கெட," என்றாள் சந்திரம்மாள்.

அந்தச் சந்திரம்மாள்தான் செவ்வாய்க்கிழமை தீபாவளியன்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"யோவ், ஒக்காரு. தலைக்கு மட்டும் ரெண்டு சொட்டு."

"நரகாசுரன் செத்ததுக்கு நான் ஏன்டி என் கோட்டை அழிக்கணும்?"

"கழுத்துல துண்டு சுத்திக்க. நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் வெக்காத ஆம்பள இருக்கற வூடு வெளங்குமா?"

அவர் துண்டு சுற்றிக்கொண்டார். சீயக்காய்க்குத் துண்டெல்லாம் ஒரு தடையா? குளித்து முடித்துத் துண்டை எடுத்தபோது கழுத்து ஊதாவாகவும் துண்டு அதைவிட ஊதாவாகவும் இருந்தன. சதுரத்தின் மூலைகள் மட்டும் லேசாகத் தெரிந்தன. சந்திரம்மாள் அவசரமாக அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வேறு ஒருவராக இருந்தால் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் விழுந்திருப்பார். கோதண்டத்துக்கு, யாரிடமும் சொல்ல வேண்டாம், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அளவு கையில் இருக்கிறது. கோடு போடத் தெரிந்தவன் வீட்டிலேயே இருக்கிறான்.

புதன்கிழமை காலை முதல் ஷிப்டில் டூல் ரூமுக்குப் போனார். அங்கே ஒரு வார்ப்பிரும்பு மேடை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடிபோல் சமதளம். அதன் மேல் யாராவது டிபன் பாக்ஸ் வைத்தால் கோதண்டம் கெட்ட வார்த்தை பேசுவார். அன்று அவரே சட்டையைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி மல்லாந்தார். கூட வேலை செய்யும் நடேசன் உயரம் அளக்கும் கருவியில் ஊசியை எடுத்துவிட்டு மைப் பேனாவைக் கட்டினான்.

"அண்ணே, ஆடாதீங்க. ஜாப் ஆடுது."

"மூச்சு வுடறேன்டா."

"கொஞ்ச நேரம் வுடாதீங்க. அண்ணே, பஞ்ச் போடட்டா?"

"போடு. ஒன் கழுத்துல."

கடைசியில் பேனாவாலேயே புள்ளி வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதக் கழுத்தில் அவ்வளவு அழகான சதுரத்தை யாரும் போட்டிருக்க முடியாது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ப்ரியம்வதா தீபாவளி விடுப்பு. அவளுக்குப் பதிலாக நின்றவர் "கோடு பளிச்னு இருக்கே, நல்லா பாத்துக்கறீங்க" என்று பாராட்டியே அனுப்பினார்.

திங்கட்கிழமை ப்ரியம்வதா வந்துவிட்டாள். வந்ததும் கேட்டதுதான் அந்தக் கேள்வி, கோட்டை யார் போட்டது என்று. அவளும் ஸ்ரீபெரும்புதூர்தான், தேரடித் தெரு. அவளுடைய அப்பா கோவிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். ஒரே பஸ்ஸில் வருகிற ஊர்க்காரியிடம் பொய் சொல்வது கஷ்டம். கோதண்டம் நரகாசுரனில் ஆரம்பித்து மூச்சு விடாதது வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் சிரிக்கப் போகிறாள் என்றே நினைத்தார். அவள் வெளியே போய்த் திருநாராயணனைக் கூட்டிவந்தாள். கதிரின் அளவையும் கோணத்தையும் கணக்குப் போடுகிற பிசிக்ஸ்காரர். பேச்சும் கணக்குபோல மெதுவாகத்தான் வரும்.

அவர் கழுத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல வேலை," என்றார்.

"தேங்ஸ் சார்."

"மேடையில படுத்தப்போ தலைக்குக் கீழ என்ன வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வெக்கல சார். அப்பதான லெவலா இருக்கும்."

திருநாராயணன் சிகிச்சைக் கட்டிலைக் காட்டினார். தலைமாட்டில் பள்ளம் செதுக்கிய மரக்கட்டை ஒன்று இருந்தது. இருபத்தோரு நாள் கோதண்டம் அதில்தான் தலையை வைத்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார். மோவாய் தூக்கினால் கழுத்துத் தோல் இழுபடும். தோலோடு தோலில் இருக்கும் கோடும் போகும்.

கோதண்டம் கட்டையைப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார்!

"மார்க்கிங் ஒரு மாதிரி வெச்சிப் போட்டு, மெஷின்ல வேற மாதிரி வெச்சா..." என்று திருநாராயணன் இழுத்தார்.

"ஸ்கிராப் சார்," என்றார் கோதண்டம். "தூக்கிப் போட வேண்டியதுதான்."

அவரை மறுபடி படுக்க வைத்து, அந்த அழகான சதுரத்துக்கே வெளிச்சத்தைப் பொருத்தி, பக்கத்தில் பிலிம் வைத்துப் படம் எடுத்தார்கள். பிலிம் கழுவி வரும் வரை கோதண்டம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட வந்திருந்த சந்திரம்மாள் பக்கத்தில் இருந்தாள்.

"என்னாலதான்னு சொல்லேன்யா. வாய வெச்சிகினு சும்மா இருக்கியே," என்றாள்.

"நீ எண்ணெயத்தான் வெச்ச. கோடு போட்டது நான்."

"குரல் போயிட்டா?"

"ஒனக்கு நிம்மதி."

அவள் அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

திருநாராயணன் ஈரப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சதுரம் எட்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. கட்டி இருந்த இடம் சரியாக மேல் ஓரத்தில் நின்றது.

"ஓரத்துல இருந்தாலும் உள்ளதான சார் கீது?"

"உங்க கோடு மாதிரி கதிருக்குக் கூர்மையான ஓரம் கிடையாது. ஓரத்துல மங்கிண்டே போகும். மூணு நாளும் ஏதோ பட்டிருக்கு, முழுசாப் படலை. டாக்டர் இன்னும் மூணு தடவை சேர்க்கச் சொல்றார்."

"அதுல சரியா பூடுமா?"

"மீதி எல்லாம் சரியான இடத்துல விழுந்தா, வாய்ப்பு முன்ன இருந்த மாதிரிதான்."

சரியான இடம். கோதண்டம் பத்தொன்பது வருஷமாக மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

இனி தோலில் கோடே வேண்டாம் என்று முடிவானது. ஆஸ்பத்திரியில் அப்போதுதான் சிலருக்கு முகமூடி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். முகத்திலும் கழுத்திலும் மாவுக்கட்டு ஒட்டி அச்சு எடுத்து, அதிலிருந்து கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் ஒரு கூடு. அதை மாட்டிக் கட்டிலோடு இறுக்கிவிட்டால் தலை தினமும் ஒரே இடத்தில் நிற்கும். கோடு கூட்டின் மேல் இருக்கும். எத்தனை தீபாவளி வேண்டுமானாலும் குளிக்கலாம்.

"இதான்மா பிக்ஸ்சர், ஜாப் ஆடாம புடிக்கிற சட்டம்! இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே!" என்றார் கோதண்டம்.

"உங்களை மாதிரி ஆள் வருவார்னு எங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ப்ரியம்வதா.

வியாழக்கிழமை கூடு தயாராகியிருந்தது. மரக்கட்டையில் தலை வைத்து, மோவாய் தூக்கிப் படுத்தார். ப்ரியம்வதா கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். உள்ளே வெறுமையாக அவருடைய மூக்கும் தாடையும் தெரிந்தன. திருநாராயணன் மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். தடிமனான பேனா. முனை வேறு நைந்திருந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

"என்ன?"

மாட்டிவிட்டால் வாய் திறக்க முடியாது. கோதண்டம் சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலையும், மெல்லிசாகச் சீவிய ஒரு பேனாவையும் எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார்.

"எடத்துல நான் தலையிட மாட்டேன் சார், அது உங்க டிராயிங். நாலு மூலைக்கும் நீங்களே புள்ளி வைங்க. கழட்டினப்புறம், அந்தப் புள்ளிங்கள சேக்கற கோட்ட மட்டும் நான் இழுத்துக்கட்டுமா சார்?"