வற்றாத தொட்டி

காலையில் மீன் காட்சிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் என் தொட்டியிடம் ஓடினேன். தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். பாறைமேல் இருக்க வேண்டிய நத்தைகள் எல்லாம் கண்ணாடிச் சுவரில் ஏறி, மூடியின் அடிப்பக்கத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இடுக்கு வழியாக வெளியே வந்துவிட்ட சில, தரையில் காய்ந்து கிடந்தன. என்னைக் கொண்டுவந்து விட்ட வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றார்.

இங்கே எனக்கு நத்தையக்கா என்று பெயர். என் பொறுப்பில் இருப்பது இந்தக் கரைப்பாறைத் தொட்டி ஒன்றுதான். கடலில் போலவே இதிலும் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இறங்கும். இறங்கும்போது சிப்பிகள் வாயை இறுக்கிக்கொள்ளும். கடல்சாமந்தி சுருங்கி உருண்டையாகிவிடும். நண்டு ஈரமான பொந்தில் பதுங்கும். பார்க்க வருகிறவர்கள் பாவம் பார்த்து என்னிடம் சண்டைக்கே வருவார்கள். பாவமெல்லாம் ஒன்றுமில்லை, அதுகளின் பிழைப்பே அப்படித்தான்.

வீட்டுக்காரருக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கல்யாணமான நாளிலிருந்து வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் வந்ததும், வீடு மாறியதும், என் அம்மா போய்ச் சேர்ந்ததும் அவர் இல்லாமலே நடந்தன. போன மழைக்காலத்தில், இனிமேல் கப்பல் இல்லை என்று பெட்டியோடு வந்து நின்றார். சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் மகள் பள்ளிக்கூடத்துச் சேதியை இன்னமும் அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும்தான் சொல்கிறாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து, சத்தம் குறைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நான்தான் வால்வ அடைச்சேன்," என்றார். "நேத்து உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப தண்ணி எறங்கிட்டே இருந்துச்சு. ஒழுகுதுன்னு நெனச்சேன். நீ மாடியில இருந்த."

ஒழுகலைப் பார்த்தால் எஞ்சின் அறைக்காரர் கை சும்மா இருக்குமா. எனக்கு ஒரு வேலை மிச்சம் என்ற பெருமையில் சொல்லாமலும் இருந்திருக்கிறார்.

"இதுங்க பாறை உச்சியில இருக்கிறதுங்க. ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள இருந்தா மூச்சு முட்டும்."

"தண்ணி இல்லன்னாதான் செத்துடும்னு நெனச்சேன்."

"வந்து வந்து போனாத்தான் இதுங்களுக்குச் சரி."

அவர் குனிந்து, தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொறுக்கினார். அப்படியே நிமிராமல் கேட்டார்.

"நம்ம வீட்டுலயும் அப்படித்தான் ஆயிடுச்சா?"

நான் மூடியைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்தவற்றை எண்ணத் தொடங்கினேன்.

"கம்பெனியில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. நீ வேணாம்னு சொல்லு, போகல."

ஒரே ஒரு சொல். எத்தனையோ தடவை வாசலில் நின்று நான் விழுங்கிய சொல். இன்று மனிதர் கேட்டு நிற்கிறார், எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது. அதையும் அவருக்குக் காட்டவில்லை.

"மொதல்ல வால்வத் தெறங்க," என்றேன்.

திறந்தார். தண்ணீர் மெல்ல இறங்கி, பாறையின் உச்சி தெரிந்தது. அவர் கையிலிருந்த நத்தைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார். பிடிக்கிறதா என்று பார்த்து விரலை எடுத்தார். ஒன்று மட்டும் பிடிக்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. அதை மறுபடியும் எடுத்து வைத்து, விரலால் அணைத்துப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.