கரி குடித்த ஈரல் சாறு

அப்போது நான் வடித்த ஈரல் சாறு தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறு யார் வடித்தாலும் கொஞ்சம் சிவந்துதான் வரும். எனக்கு அது ஆகாது. அந்த மாதம்தான் கரித்தூளைக் கலந்து வடிகட்டி, நிறத்தைச் சுத்தமாக எடுக்க ஆரம்பித்திருந்தேன். சுத்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அந்தத் தெளிந்த சாற்றைத்தான் என் அண்ணிக்கு ஊசியாகப் போட்டோம். அண்ணிக்கு இரத்தசோகை, அதுவும் இரும்புச் சத்துக்கு மசியாத வகை. முகம் வெளுத்து மஞ்சள் தட்டியிருந்தது. நாக்கு வெந்து, உப்புப் பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். பச்சை ஈரலைத் தினமும் அரைத்துக் குடித்தால் பிழைக்கலாம்; அண்ணி குடித்தால் அடுத்த நிமிடமே வாந்தி. ஈரலில் இருக்கும் ஏதோ ஒரு சத்துதான் மருந்து என்பது வரைக்கும் தெரியும். அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. சாற்றில் அது இருக்கிறதா என்று அறிய, நோயாளிக்குப் போட்டுவிட்டு, இரத்தத்தில் புதுச் செல்கள் பிறக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதும் நான்தான். நீலச் சாயம் ஏற்றினால் புதுச் செல்லுக்குள் மட்டும் வலை போலத் தெரியும். முதல் நாள் நூற்றுக்கு ஒன்று. ஏழாம் நாளும் ஒன்றுதான்.

"இந்தச் சாறு வேலை செய்யல" என்றார் டாக்டர். "உங்க அண்ணி இன்னும் பத்து நாள் தாங்கறதே கஷ்டம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் சாற்றுல குறையே இருக்காது டாக்டர். போன மாசம் அந்தத் தபால்காரருக்குப் போட்டீங்களே, எழுந்து நடந்தாரே!"

"அது சிவப்பா இருந்துச்சு. இது பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. நடுவுல என்னம்மா பண்ணீங்க?"

'சுத்தம் பண்ணினேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிறத்தோடு மருந்தையும் கரி குடித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓட்டமும் நடையுமாக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வடிகட்டிய கரி ஜாடியில் இருந்தது. நான் எதையும் உடனே தூக்கி எறியமாட்டேன். என் முட்டாள்தனத்துக்குக்கூட லேபிள் ஒட்டித்தான் வைப்பேன். கரியைச் சூடான ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தேன். இளஞ்சிவப்பாக இறங்கியது. அதைப் பார்த்ததும் பயம் விட்டுப்போயிற்று. கெடுத்தவளுக்குச் சரிசெய்யவும் தெரியும்.

ஆல்கஹாலைப் போக்கி, கிருமி நீக்கி, மறுநாள் காலை எடுத்துப் போனேன். ஊசிக்கு முன் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். "மருந்தைக் கரியில விட்டுட்டு, வெறும் தண்ணியத்தான் ஒரு வாரமா உங்களுக்குப் போட்டிருக்கேன் அண்ணி."

திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணி கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "பாத்திரம் தேய்க்கறப்பவும் நீ இப்படித்தான். என் கல்யாணத் தட்டுல இருந்த பூவேலை எல்லாத்தையும் தேச்சே அழிச்சவதானே? போடு, போடு. இந்தத் தடவை தேறிடுவேன்."

நான்காம் நாள் நூற்றுக்கு மூன்று. ஐந்தாம் நாள் ஒன்பது. ஆறாம் நாள் பதினெட்டு. நம்பாமல் அல்ல, ஆசைக்காகத்தான் இன்னொரு முறை எண்ணினேன்.

சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் சூப்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நர்ஸை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு அண்ணி! பதினெட்டு!"

"இருக்கட்டும். முதல்ல இதைக் குடிச்சுப் பாரு" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "இதுல உப்பே இல்ல. கொஞ்சம் வாங்கிட்டு வா."

சீட்டை அங்கேயே போட்டுவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே உப்பு வாங்கப் போனேன்.