இழை அறுந்தால் காட்டும் சைகை

ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பவர்லூம் ஓடுகிறது. அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் வாய். இரண்டு சுண்டுவிரலையும் கோத்துப் பிரித்தால், இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலைச் சுற்றி ஆள்காட்டி விரலைச் சுழற்றினால், முடிச்சு போட்டாச்சு. முஷ்டியை முன்னால் தள்ளினால், தறியை ஓட்டு.

என் மகள் பிரித்திகாவுக்கு ஏழு வயதில் டைப் ஒன் சர்க்கரை வந்தது. தினம் நாலு ஊசி. சர்க்கரை இறங்கிக் கை நடுங்க ஆரம்பித்தால் தறிச் சத்தத்தில் கத்தி என்ன பயன்? சுண்டுவிரலைக் கோத்துப் பிரிப்பாள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நான் ஜூஸோடு ஓடுவேன்.

இப்போது பதினொரு வயது, பேட்மிண்டன் பைத்தியம். அடுத்த மாதம் சித்தூரில் நாலு நாள் கேம்ப். அம்மாக்கள் கூடத் தங்கக் கூடாதாம். முடியவே முடியாது என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஊசி போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவு கொழுப்பு. கடைசியில் அவள் நைனா, என் வீட்டுக்காரர், நடுவில் புகுந்தார்.

“தேவசேனா, திருப்பதி மேட்ச்ல நீ வாயத் தொறக்காம ஒக்காந்துகினு இரு. புள்ள தானா சர்க்கரைய சமாளிச்சா கேம்ப். நீ எறங்கி ஓடற மாதிரி ஆச்சுன்னா கேம்ப் கட்.”

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.

திருப்பதியில் முதல் ஆட்டம் இவளுக்கு, இரண்டாவது எதிராளிக்கு. மூன்றாவதில் பதினெட்டுக்குப் பதினாறு என்று இவள் முன்னால் இருந்தாள். அப்போது கண்ணெதிரே வந்த ஷட்டிலைக் கோட்டை விட்டாள். முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் வழிந்தது விளையாட்டு வேர்வை இல்லை. எனக்குத் தெரியாதா?

வாயைத்தானே திறக்கக் கூடாது? சுண்டுவிரல்களைக் கோத்துப் பிரித்து, புருவத்தைத் தூக்கினேன். அவள் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டாள். திருட்டுக் கழுதை.

தலைக்கு மேலே தூக்கி, இன்னும் பெரிதாகக் காட்டினேன். அம்பயர் ஸ்வர்ணலதா மேடம் இறங்கி என்னிடமே வந்து, தெலுங்கு கலந்த தமிழில் அதட்டினார்.

“அம்மா, இங்க ஒக்காந்து கோச்சிங் இவ்வகூடாது.”

“இதி கோச்சிங் காது மேடம்” என்று நானும் தெலுங்கிலேயே மறுத்தேன். “எங்க தறி பாஷை.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கை அசைந்தால் வெளியே போக வேண்டியதுதான் என்றார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதுக்குப் பதினேழு. இன்னும் இரண்டே பாயிண்ட். மட்டை பிடித்த கை நடுங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கேம்ப்பாவது மண்ணாவது என்று எழுந்து கேலரியில் ஒரு படி இறங்கிவிட்டேன்.

அதற்குள் பிரித்திகா மட்டையைக் கீழே வைத்தாள்.

“மேடம், ஷுகர் தக்கிந்தி. எறங்கிப்போச்சு, ஜூஸ் குடிக்கணும்.”

பையிலிருந்து மெஷினை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தாள். ஜூஸை உறிஞ்சினாள். மேடம் தலையாட்ட, எதிராளிப் பெண்ணும் சரி என்று உட்கார, கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. இறங்கிய படியிலேயே நான் நின்றேன். பிரித்திகா மறுபடி குத்திப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கட்டைவிரலைச் சுற்றி விரலைச் சுழற்றினாள்.

முடிச்சு போட்டாச்சாம்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். முஷ்டியை நன்றாக முன்னால் தள்ளினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே வெளியே நடந்தேன்.

அவள் ஆடுவதைப் பார்க்காமல் நான் இருந்தது அன்றைக்குத்தான். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே கைதட்டுவதை எண்ணினேன். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. அழுகை வந்தது, பயத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மட்டைப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தோத்துட்டேன்மா. இருபத்தொண்ணு பத்தொம்பது. நிறுத்தாம ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்.”

“தெரியும்” என்றேன். “நாலு நாளைக்கு எத்தினி ஜூஸ் டப்பா எடுத்துக்கினு போவ?”