புள்ளி பெறாத ஒரு வரி

அந்த அலுவலகத்தில் தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டு பேசுவார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளரும், நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் வாய் சுருங்கும் என்பது தத்துவம். தத்துவத்தை எழுதியவர் இவர்களைப் பார்த்ததில்லை. முதல் வாரம் எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். அடுத்த வாரம் சுவரில் சாய்ந்தார்கள். இப்போது மேசை விளிம்பில் பாதி உடம்பை ஏற்றி வைத்து, நிற்பதிலும் சேராமல் உட்காருவதிலும் சேராமல், தாராளமாக ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.

பேச வேண்டியது மூன்றே விஷயம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உன்னை எது தடுக்கிறது? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் "ஒண்ணுமில்ல" என்பார்கள். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் தடுப்பவர் நேர் எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அன்று பெருசின் முறை வந்தபோது அவர் "ஒண்ணு இருக்கு" என்றார். வட்டம் சற்று அசைந்தது.

பெருசு என்பது அவருக்கு அங்கே வைத்த பெயர். வயது நாற்பத்தாறுதான். அந்தக் கூட்டத்தில் நாற்பத்தாறு என்றால் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய வயது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. நோயாளிகளைப் பதிவு செய்வது, அறுவை சிகிச்சைக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசை போடுவது எல்லாம் இவர்கள் எழுதிய நிரல்தான். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியும் அதில்தான் ஓடுகிறது.

"அந்த போன் நம்பர் விவகாரம். போன வருஷமே சொன்னேன். நோயாளி தன் நம்பர மாத்தினா, சிஸ்டம் அவங்கள புது ஆளுன்னு நெனச்சு வரிசையோட வாலுக்குத் தள்ளிடுது. பழைய தேதிய வெச்சுக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதணும். நான் இன்னைக்கே எழுதிடறேன்."

"எத்தனை புள்ளி?" என்று கேட்டார் கோச்.

கோச் என்பவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று வேலை செய்பவர்களுக்குச் சொல்லித்தர வந்தவர். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவர். அதற்கு முன் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நிரல் எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் கொண்டுவந்த முறைப்படி ஒவ்வொரு வேலைக்கும் அதன் பருமனுக்கு ஏற்றபடி புள்ளி உண்டு; புள்ளி விழுந்த வேலைதான் செய்ய வேண்டியவை எழுதும் போர்டில் ஏறும். எல்லாரும் ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண் எழுதிய அட்டைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டி புள்ளியை முடிவு செய்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மொத்தப் புள்ளி வரைபடமாகி மேலிடத்துக்குப் போகும். வரைபடம் மேலே ஏறினால் கேக். இறங்கினால் மனம் விட்டுப் பேசும் கூட்டம். கூட்டத்தில் மனம் விடுபவர் அடுத்த வரைபடத்தில் இருக்க மாட்டார்.

"ஒரு வரிக்கு என்னங்க புள்ளி? பூஜ்யம்தான்" என்றார் பெருசு. போன வருடமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

"பூஜ்யம்னா போர்டுல ஏத்த முடியாதே" என்றார் கோச், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. "போர்டுல இல்லாதத செய்யவும் கூடாது. அது ஒழுங்கீனம்."

இதுதான் போன வருடமும் நடந்தது. அந்த வேலை 'பிறகு பார்க்கலாம்' என்ற பகுதிக்குப் போனது. அங்கே சில மாதம் யாரும் தொடாமல் கிடந்தால் கணினியே அதை மூடிவிடும். 'இதை யாரும் கவனிக்காததால் இது முக்கியமில்லை எனக் கருதி மூடப்படுகிறது, நன்றி' என்று ஒரு கடிதமும் வந்தது, ஓரத்தில் சிரிக்கும் முகத்துடன். பெருசும் அதைப் படித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது ஏன் மறுபடி? அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அவளுக்குக் கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் சேர்த்து, அவள் முறையும் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய போனில் எழுத்துகள் எறும்பு போலத் தெரிகின்றன என்று அவள் புலம்பியதால், தம்பி பாசத்தோடு பெரிய திரை வைத்த போன் ஒன்றை வாங்கித் தந்தார். அதில் புது நம்பர். "ஆஸ்பத்திரியில மறக்காம நம்பர மாத்திடுக்கா, கூப்பிடும்போது கிடைக்கணும் இல்ல" என்று படித்துப் படித்துச் சொன்னதும் அவர்தான். சொன்ன பேச்சைக் கேட்காத அக்காதான் அவள். இந்த ஒரு தடவை கேட்டுத் தொலைத்தாள்.

விஷயம் தெரிந்ததும் பெருசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பதிவு ஜன்னலில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் முடிஞ்சப்புறம்தான் வருது" என்றாள்.

"போன வாரம் வரைக்கும் முன்னாடி இருந்தாங்கம்மா. நம்பர் மாத்தினதால பின்னால போயிடுச்சு. கொஞ்சம் முன்னால போடுங்களேன்."

"எனக்கு ஆள சேர்க்கத்தான் முடியும் சார், இடம் மாத்த முடியாது. சாப்ட்வேர் அப்படிப் பண்ணியிருக்காங்க."

"டாக்டர்கிட்ட சொல்லி அவசரம்னு போட முடியாதா?"

"மறுபடி டெஸ்ட் எடுக்கணும். டெஸ்டுக்கும் இதே வரிசைதான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எந்த மகராசன் எழுதினானோ, தினமும் நாங்கதான் திட்டு வாங்கறோம். வேணும்னா கம்பெனிக்குப் புகார் போடறேன்."

போட்டாள். மறுநாள் காலை அது பெருசின் கணினிக்கே வந்தது. திறந்து பார்ப்பதற்குள், 'இதே புகார் ஏற்கெனவே மூடப்பட்டிருப்பதால் இதுவும் மூடப்படுகிறது' என்று சிரிக்கும் முகம் முந்திக்கொண்டது.

ஆகவேதான் வட்டத்தில் வாயைத் திறந்தார். பூஜ்யம் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

இருக்கைக்குத் திரும்பி யோசித்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. சின்ன வேலை என்பதுதானே குற்றம்? பெரிதாக்கிவிட்டால் போயிற்று. போர்டில் ஏறட்டும். அப்புறம் மதியத்துக்குள் அந்த ஒரு வரியை எழுதி முடித்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள்.

அடுத்த திட்டக் கூட்டத்துக்கு ஒரு படத்தோடு போனார். நிறையப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே அம்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் முனை, எங்கிருந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்டுவிட முடியாது. உச்சியில் ஒரு மேகம். தலைப்பு: 'நோயாளி அடையாளத் தொடர்ச்சி மறுகட்டமைப்பு'.

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். பெருசைவிடப் பத்து வயது சின்னவர்; நல்ல மனுஷன், வரைபடம் ஏறும்வரை. "பெருசு! இத இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

இவர்கள் எழுதும் நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண், பக்கத்தில் இருந்தவள், குனிந்து கிசுகிசுத்தாள். "அண்ணா, இது அந்த ஒரு வரிதானே?"

"பேசாம பதிமூணு தூக்கும்மா."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"எங்க அக்கா கண்ணும்மா."

அவள் பதிமூன்றைத் தூக்கினாள். அவள் தூக்கினால் விஷயம் இருக்கும் என்று நம்பி மற்றவர்களும் பதிமூன்றைத் தூக்கினார்கள். எல்லா அட்டையிலும் ஒரே எண் வந்தது அந்த அலுவலக வரலாற்றிலேயே முதல் முறை. கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் டீம்" என்றார். போட்டோ எடுத்தார்கள்.

பெருசு எழுந்து தன் கணினிக்கு நடக்கத் தொடங்கினார். விரல் துறுதுறுத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"ஆரம்பிச்சிடலாம்னு..."

"அவசரப்படாதீங்க. இவ்வளவு பெரிய விஷயத்த நாம மட்டும் தொட்டா மேல கோவிச்சுக்குவாங்க. வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பிட்டேன், நீங்க பேசிட்டிருக்கும்போதே. அடுத்த காலாண்டுல எடுத்துக்கறாங்களாம். பெரிய பெயர் வரும் உங்களுக்கு."

பெருசு மேனேஜரைத் தனியாக காபி மிஷினுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க பாருங்க, அது ஒரு வரிதான். அரை மணி நேர வேலை."

"தன்னடக்கம் வேணும் பெருசு. ஆனா இவ்வளவு வேணாம்."

"தன்னடக்கம் இல்லைங்க, உண்மை! போர்டுல ஏத்தறதுக்காகப் படம் போட்டேன். எங்க அக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. அந்த வரிசையிலதான் மாட்டிக்கிட்டிருக்கா."

மேனேஜர் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் நிஜமாகவே வாடியது. "ஐயோ. முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி சொன்னேன். பூஜ்யம்னு எடுக்கல."

"இப்ப நான் மேல சொல்லிட்டேனே. பதிமூணு புள்ளி, புரட்சி, அது இதுன்னு. இப்ப போய் ஒரு வரின்னு சொன்னா, ஒரு வரிக்கா இந்த ஆட்டம் ஆடினன்னு என்னைத்தான் கேப்பாங்க." சிறிது யோசித்தார். "எங்க அப்பா கூட அந்த ஆஸ்பத்திரி வரிசையிலதான் இருக்கார், முட்டிக்கு. நல்லவேளை சொன்னீங்க. நம்பர மாத்தாம பாத்துக்கறேன்."

மிகுந்த நன்றியோடு தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சரி, திருட்டுத்தனமாகவாவது செய்வோம் என்று பெருசு கணினியில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து வரியை எழுதினார். இருபது வருட அனுபவத்தில் அவ்வளவு அழகான வரியை அவர் எழுதியதில்லை. சேமிக்கச் சொன்னார். திரை மறுத்தது. 'இந்தப் பகுதி ஒரு முக்கியத் திட்டத்துக்காகப் பூட்டப்பட்டுள்ளது. திறக்க வேண்டுமானால் திட்டத்தின் பொறுப்பாளரை அணுகவும்.' கீழே அவர் பெயரே இருந்தது.

அணுகினார். அதாவது, தன் பெயரில் வந்த விண்ணப்பத்துக்குத் தானே சம்மதம் கொடுத்தார். 'ஒருவர் தன் வேலைக்குத் தானே ஒப்புதல் தர முடியாது' என்று பதில் வந்தது. அதுவும் போன வருடம் அவர் கொண்டுவந்த விதிதான். நல்ல விதி. அதற்குக் கேக் கூட வெட்டினார்கள்.

டெஸ்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "நான் ஒப்புதல் குடுக்கட்டுமா அண்ணா?"

"குடுத்துப் பாரேன்."

கொடுத்தாள். வடிவமைப்புக் குழுவில் இல்லாதவர் கொடுத்தது செல்லாது என்றது திரை. பிறகு அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். வேறென்ன செய்வாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். தையல் மிஷினை அவள் ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தவள், திரும்பும்போது இடது பக்கம் இருந்த ஸ்டூலை முழங்காலால் தள்ளிவிட்டாள். அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடா ஆச்சு? சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டிருக்கோம்க்கா. மேல அனுப்பியிருக்காங்க."

"எவ்வளவு நேர வேலை அது?"

"அரை மணி நேரம்."

"அப்புறம் எதுக்குடா மேல அனுப்பினாங்க?"

"பெரிய வேலைன்னு."

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் பொய் சொன்னால் இப்படித்தான் பார்ப்பாள். இப்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

"அரை மணி நேர வேலை எப்படிடா பெரிய வேலையாகும்?"

"நான்தான்க்கா ஆக்கினேன். சின்ன வேலைன்னா எடுக்க மாட்டாங்க."

"அப்ப சின்ன வேலையெல்லாம் யாருதான் செய்வாங்க?"

பெருசு தண்ணீரைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் அதை வாயிலேயே வைத்திருந்தார்.

"சரி விடு, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத" என்றாள் அக்கா. "பெரிய ஆபீஸ், ஆயிரம் இருக்கும். இங்க வா. இந்த ஊசிய கோத்துக் குடு. ஊசி தெரியுது, நூல் தெரியுது, ரெண்டும் ஒரே நேரத்துல தெரிய மாட்டேங்குது. பொத்தான் தைக்கணும், நாளைக்கு வாங்க வந்துடுவாங்க."

அவர் நூல் நுனியை நாக்கில் நனைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, ஊசியின் காதில் நுழைத்தார். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வடிவமைப்புக் குழு எப்போது கூடலாம் என்று முடிவு செய்வதற்கான கூட்டத்துக்கு அழைப்பு. கூடவே கோச் எடுத்த போட்டோவும் இருந்தது. எல்லாரும் பதிமூன்றைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும்தான்.

"கோத்துட்டியா?"

"கோத்துட்டேன்க்கா."

அவள் ஊசிப்பெட்டியை முழுசாக அவர் மடியில் வைத்தாள். "எல்லாத்தையும் கோத்து வெச்சிட்டுப் போ. நீ அடுத்து எப்ப வருவியோ."

பெருசு அடுத்த ஊசியை எடுத்தார்.