பாலத்தைத் தின்ற உப்பு

1

கடல் ஒருமுறை தெரணியகலை மலையேறி வந்து எங்கள் தோட்டத்துப் பாலத்தைத் தின்றது. என் கண்ணால் பார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற டீமேக்கர், எனக்கு நேரம் இருக்கிறது. இப்படிச் சிரித்தவர்களால்தான் இந்தக் கதையே எழுத நேர்ந்தது.

2

முதல் தொடக்கம்: “2001ஆம் ஆண்டு, யானைத் தும்பிக்கைப் பருமனில் மழை பெய்துகொண்டி…” (வேண்டாம். இதையும் நம்பமாட்டீர்கள்.)

இரண்டாவது: தேயிலை மலைக்குப் போக ஆற்றின் மேல் ஒரு கான்கிரீட் நடைபாலம். அதைத் தாண்டினால் மழைக்காலம் முழுக்க ரத்தம் உறிஞ்சும் அட்டை.* பாலத்துக் கைப்பிடியில் உப்புச் சாக்கு ஒன்று தொங்கும். கொழுந்தெடுக்கும் பெண்கள் அங்கேயே நின்று, உப்பைத் தண்ணீரில் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவார்கள். வழிந்ததெல்லாம் பாலத்துக்கு. வருடக்கணக்காக.

* ‘புலி அளவு அட்டை’ என்று எழுதி அடித்துவிட்டேன். பூனை அளவு.

3

உப்புநீர் கான்கிரீட்டுக்குள் ஊறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். நீர்கொழும்புக் கடலோரத்தில் என் சிநேகிதர் கபூர் பாயின் கடைக் கூரை அப்படித்தான் விழுந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். அந்தச் சத்தம் ஒரு… (இதை எழுத என்னால் முடியவில்லை.)

விழுமுன் அந்தக் கூரையில் இருந்த அதே செந்நிறத் துருக்கறையை ஒருநாள் எங்கள் பாலத்தின் அடியிலும் பார்த்தேன்.

4

கடல் நம் பாலத்தையும் தின்கிறது என்று, பெண்களை வேலை வாங்கும் லோரன்ஸ் கங்காணியிடம் சொன்னேன். (அவரை முட்டாளாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. என்னை அறிந்த எவரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.)

“போன மாசம் ஆத்துல திமிங்கிலம் பாத்தீங்க. இப்ப கடலே வந்திருச்சாக்கும்.”

“கங்காணி, இது நெசம். பொம்பளைங்கள சுத்துவழியா அனுப்புங்க.”

“சுத்திப் போனா கொழுந்து நிறுக்க நேரமாயிரும். தொரை என்னையத்தான் ஏசுவாரு.”

அவர் மனைவி தெரேசம்மா காலில் உப்பைத் தேய்த்தபடியே, “ஐயாவுக்கு வீட்டுல பொழுது போகல போல, பாவம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன்.

5

மறுநாள் மழை. ஆறு பெருகிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி லோரன்ஸைப் பாலத்துக்கு அடியில் கூட்டிப்போனேன். என் வாயை அடைக்கவென்றே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினார். முறத்தளவு கான்கிரீட் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பியைத் தொட்டார். மக்கிய சருகாக உதிர்ந்தது.

அப்போது மேலே காலடி அதிர்ந்தது. கொழுந்து நிறைந்த சாக்குகளோடு பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தெரேசம்மா.

முடிவு (அ): பாலம் அவர்களோடு சேர்ந்து — எழுதிக் கிழித்துவிட்டேன்.

முடிவு (ஆ): எல்லோரும் கடந்த பிறகு ஆளில்லாத பாலம் அலுங்காமல் விழுந்தது. என் வழக்கமான ரகம், அதனாலேயே நம்பமாட்டீர்கள்.

நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு மேல் என் கை நகரவில்லை. நான் இன்னும் அடியில்தான் நிற்கிறேன். தலைக்கு மேல் கீறல் நீள்கிறது. லோரன்ஸ், “தெரேசா, நில்லு, வராத” என்று கத்துகிறார். ஆற்றிரைச்சலில் அவர் குரல் மேலே போய்ச் சேரவில்லை. உள்ளங்கையில் ஒட்டிய துருவைப் பார்க்கிறார், பிறகு என்னை.

“நீங்க சொன்னது நெசந்தாங்க, ஐயா.”