நீலக் கயிற்றுப் பெட்டி

"பால் தீஞ்சு வூடே நாறுதே, உனக்குத் தெரியலயாம்மா?"

மகள் காவியா கேட்ட பிறகுதான் கலைமதி அடுப்பைப் பார்த்தாள். ஓராண்டாகவே மூக்கடைப்பு. வாசனை எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது.

பாலக்கோடு தக்காளி மண்டியில் தரம் பிரிப்பவளுக்கு அது சின்னக் குறையல்ல. பெட்டியின் அடியில் உடைந்த பழம் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். பிரித்தவர் யாரென்று அறிய ஆளுக்கொரு நிறத்தில் பெட்டியில் கயிறு கட்டுவார்கள். கலைமதியின் பச்சைக் கயிற்றுப் பெட்டிகள் இரண்டு சென்னை போவதற்குள் அழுகிவிட்டன.

"இன்னொன்னு கெட்டுச்சுன்னா நீ வூட்லயே இருந்துக்கம்மா," என்றார் மண்டிக்காரர் மாதவராஜ்.

தருமபுரியில் டாக்டரம்மா மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தார்.

"தூசி பட்டா மூக்குத் தோல்ல இருக்கிற செல்லுங்க 'ஆபத்து'ன்னு சேதி அனுப்பும். சேதி கொண்டுபோற பொருளுக்கு சைட்டோகைன்னு பேரு. அதக் கேட்டு ரத்தத்துல இருந்து காவல் செல்லுங்க ஓடி வரும், உள்ள வீங்கும். உங்களுக்கு அந்தச் சேதி ஓயவே இல்ல. வீங்கி வீங்கிச் சதை வளந்து வாசனை போற வழிய அடைச்சிருச்சு."

"அப்ப அதுங்க வாய அடைக்கணுங்களா?"

"அடக்குனாப் போதும். சேதியே இல்லன்னா நெசமா கிருமி வர்றப்ப யாரு காப்பாத்துறது? இந்த ஸ்பிரேயத் தெனமும் அடிங்க. மெதுவாத்தான் கேக்கும். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நிறுத்தாதீங்க."

பத்தாம் நாள் மூச்சு தாராளமாக வந்தது, நிறுத்திவிட்டாள். இரண்டே வாரத்தில் மூக்கு மறுபடி கல்லாக அடைத்தது. தன்மேலேயே கோபம் வந்தது. அன்றிலிருந்து இருவேளையும் சாமி விளக்கேற்றிய கையோடு மருந்து. விளக்கை மறக்காதவள் மருந்தை மறப்பாளா?

"மூக்குக்குத் தெனம் அபிஷேகமா?" என்று கூட வேலை செய்யும் ராஜாமணி சீண்டினாள்.

"பிரசாதம் தரட்டா?" என்றாள் கலைமதி.

மூன்றாவது பெட்டி கெடவே இல்லை. காரணம் ஒருநாள் தெரிந்தது. நீலக் கயிறு கட்டும் சென்னம்மாள், செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, பச்சைக் கயிற்றுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து, உடைந்த பழத்தை எடுத்து மாற்றிக்கொண்டிருந்தாள். கலைமதி பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறைத்துச் செய்த நன்மையை வெளியே இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு காலையில் புளித்த நெடி மூக்கில் ஏறியது. கண் நிறைந்தது. அவசரமாகத் தன் பெட்டிகளை மோந்தாள். அங்கே இல்லை. நெடி நீலக் கயிற்றுப் பெட்டியிலிருந்து வந்தது. சளிக் காய்ச்சலோடு வேலைக்கு வந்த சென்னம்மாள் டீ குடிக்கப் போயிருந்தாள்.

கலைமதி கயிற்றை அவிழ்த்தாள். அடியில் உடைந்திருந்த பழத்தை எடுத்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து நல்ல பழம் ஒன்றை வைத்து, சென்னம்மாள் போடும் அதே இரட்டை முடிச்சைப் போட்டாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள்.