இரண்டாவது சோடி

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவர் அருமைராசாவின் வலது காலில் இரண்டாவது கம்பளிக் காலுறையை அஞ்சலீனா இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். குதிக்காலில் அது சிக்கியது. சவச்சடங்கை நடத்தும் மலர்ச்சாலைக்காரர் மரியாதைக்குச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மா, ஒரு சோடி மேஸ் காணும், ரெண்டு வேண்டாம். அப்பா இருந்தா ஏசியிருப்பார்," என்றாள் மகள் மெலனி.

"நிலம் கல்லாய் இறுகி, குழி தோண்டேலாமக் கிடக்காம். வைகாசி வரைக்கும் பெட்டியைச் சேமக்காலைக் குளிரறைக்குள்ளதான் வைச்சிருப்பினமாம். நீ ஒரு சோடியெண்டு கதைக்கிறாய்."

செத்தவருக்குக் குளிராது என்று அஞ்சலீனாவுக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய கால் குளிரக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவள் தலைக்குள் நிற்கவில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அருமைராசாவுக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. மன்னாரில் பிறந்த மனிதர் காசு கொடுத்து மலையேறி விழுந்துவிட்டு வருகிறாரே என்று கோயில் சனம் சிரித்தது. அவர் சளைக்கவில்லை. புலம்பெயர்ந்து குடியிருந்த வில்லரேயில் அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு புத்திமதியும் கிடைக்கும். பருத்தி மேஸ் போடாதையுங்கோ, வேர்வையை வைச்சிருந்து குளிரும். காருக்குள் பனி அள்ளுகிற சவளும் ஒரு போர்வையும் வையுங்கோ. பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதையுங்கோ. எல்லாவற்றுக்கும் மேலாக, மேஸ் ஒரு சோடிதான். இரண்டு போட்டால் சப்பாத்து இறுக்கும், இரத்தம் ஓடாது, கால் விறைக்கும்.

அஞ்சலீனா ஒரு நாளும் கேட்டதில்லை. பிடிவாதமாக இரண்டு சோடி போடுவாள். பிறகு கால் விறைக்குது என்று அவரிடமே முறைப்பாடு வைப்பாள்.

பூசை முடிந்து, கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் புறப்பட்டபோது, 2004 தை மாதத்தின் அந்தக் கொடுங்குளிரோடு பனியும் சேர்ந்து கொட்டத் தொடங்கியது. மெலனி அப்பாவின் காரை ஓட்டினாள். கூரையில் அவருடைய சறுக்குக் கட்டைகள் அப்படியே இருந்தன. சனிக்கிழமை காலை அவற்றை ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரடியில் குந்தினார். பூட்டின் திறப்பை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீடுகள் ஒவ்வொன்றாய் வெள்ளைக்குள் போய் ஒளிந்தன. பிறகு வீதியும் இல்லாமல் போனது. முன்னால் போன சவவண்டியின் சிவப்பு விளக்குகள் மட்டும் மறைந்து மறைந்து தெரிந்தன. சத்தமேயில்லை. அவர் பெட்டிக்குள் இல்லை, பின்னிருக்கையில் இருக்கிறார், மூவருமாய் மலைக்குப் போகிறோம் என்று அஞ்சலீனாவுக்குப் பட்டது. அந்த நினைப்பு சுகமாயிருந்தது. அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

திருப்பத்தில் கார் சறுக்கியது.

"பிரேக்கை அமத்தாதை. போகவேண்டிய பக்கத்தைப் பார். ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பு."

சொன்னது அஞ்சலீனாதான். வாழ்நாளில் கார் ஓட்டாதவள். கார் மெல்ல நேரானது.

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"காதுக்குள்ள கிடந்தது."

அவள் கால் விறைத்துப்போயிருந்தது. குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினாள். மேலே போட்டிருந்த சோடியை உருவி மடியில் வைத்துவிட்டு, காலைத் திரும்ப உள்ளே விட்டாள். விரல்கள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் கால் சூடு பிடித்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு இப்படிக் கதகதப்பாக ஒரு மாரிக்குளிரிலும் இருந்ததில்லை.

ஓம், நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்ல வாயெடுத்துப் பின்னால் திரும்பினாள். இருக்கையில் பூவளையம் ஒன்று மட்டும் கிடந்தது.

"மெலனி, பெட்டியைத் திரும்பத் திறப்பினமோ?"

"ஏனம்மா?"

"அப்பாவுக்கு மேஸை இறுக்கிப்போட்டன்."

மெலனி அம்மாவின் மடியில் கிடந்த காலுறைகளைப் பார்த்தாள். சவவண்டிக்குச் சைகையாக முன்விளக்குகளை அணைத்து எரியவிட்டாள். பிறகு இன்னொருமுறை. தூரத்தில் அந்தச் சிவப்பு விளக்குகள் பிரகாசமாகி, பனிக்குள் மெல்ல நின்றன.